மூன்றாவது வெள்ளோட்டம்

அன்பு மகள் வாலுவுக்கு,

அம்மா எழுதுகிறேன். இங்கே நானும் உன் அப்பாவும் சுகம். நீ சுகமா என்று கேட்கப் போவதில்லை. ஞாயிற்றுக்கிழமைதோறும் போனில் கேட்கத்தான் செய்கிறேன், நீயும் ‘நல்லா இருக்கேம்மா’ என்று சொல்லிவிட்டு அடுத்த மூச்சிலேயே ‘சரி, வேலை இருக்கு’ என்று வைத்துவிடுகிறாய். போனில் நான்கு நிமிடத்துக்கு மேல் நீ எனக்குத் தருவதில்லை, அதனால்தான் கடிதம். இதை நடுவில் மூடி வைத்தாலும், மறுபடி எடுக்கும்போது விட்ட இடத்திலேயே நான் நின்றுகொண்டிருப்பேன். இருபத்தாறு வருஷம் பள்ளிக்கூட பஸ் ஓட்டியவள், எனக்குக் காத்திருக்கத் தெரியும். சாப்பிட்டு முடித்து, கையைக் கழுவிக்கொண்டு, நிதானமாகப் படி.

முதலில் வீட்டுச் செய்தி. அப்பாவுக்கு இடுப்பு ஆபரேஷனுக்குப் பிறகு நடை நன்றாகத் தேறிவிட்டது, கைத்தடியைக் கதவுக்குப் பின்னால் சாத்தி ஐந்து மாதமாகிறது. பல் செட் செய்யும் அவருடைய லேப் இதே தெருவில் நாலாவது கட்டடம் என்பதால் எட்டரைக்குக் கிளம்பினால் எட்டு முப்பத்து மூன்றுக்கு நாற்காலியில் உட்கார்ந்துவிடுகிறார். மதியம் வீட்டுக்கு வந்து சாப்பிட்டுவிட்டு ஒரு தூக்கமும் போடுகிறார், பழைய வீட்டில் அதெல்லாம் நடந்ததா? உன் அண்ணன் போன வாரம் குடும்பத்தோடு வந்தான். அவன் மகனுக்கு முன்பல் இரண்டும் விழுந்துவிட்டன. விழுந்த பற்களை ஒரு தீப்பெட்டியில் போட்டுக் கொண்டுவந்து தாத்தாவிடம் நீட்டி, ‘இதே மாதிரி ரெண்டு செஞ்சு குடு தாத்தா, திங்கக்கிழமை ஸ்கூல்ல போட்டோ எடுக்கறாங்க’ என்று ஆர்டர் கொடுத்தான். உன் அப்பா சிரிக்கவே இல்லை. கண்ணாடியை மாட்டிக்கொண்டு, வாயைத் திறக்கச் சொல்லி, அளவெடுத்து நோட்டில் எழுதிக்கொண்டார். அப்புறம் ரொம்ப அக்கறையாக, இந்த ஆர்டரை முடிக்க ஆறு மாதமாகும், அதற்குள் தானாக முளைத்துவிட்டால் தகவல் சொல்லு என்றார். பையனும் சரி என்று தலையாட்டிவிட்டுப் போனான். உன் அண்ணி சிரித்த சிரிப்பில் அவளுக்குப் புரையேறிவிட்டது.

இனி விஷயத்துக்கு வருகிறேன். மூன்று மாதத்துக்கு முன் ஒரு ஞாயிற்றுக்கிழமை, மழைக்காலம் தொடங்கும் மாதத்தில் உனக்கு இருபது நாள் விடுமுறை கிடைத்திருக்கிறது என்று சொன்னாய். எனக்கு வாயெல்லாம் பல், இங்கேதான் வரப்போகிறாய் என்று நினைத்துவிட்டேன். நீயோ சிநேகிதிகளோடு வேறொரு மலைப்பக்கம் போகலாம் என்று இருப்பதாகச் சொன்னாய். ஏன்டி, வீட்டுக்கு வந்து இரண்டு வருஷம் ஆகிறதே என்றேன். அதற்கு நீ, ‘அங்க வந்து நான் என்னம்மா பண்ண, அது உங்க வீடு. எனக்கு அங்க ஒரு தெரு தெரியாது, ஏறி எறங்க ஒரு மலை கிடையாது. நாலு செவுத்தப் பாத்துக்கிட்டு உக்காந்திருக்கவா’ என்றாய். கோபமாகச் சொல்லியிருந்தால் நானும் நாலு வார்த்தை திருப்பிக் கொடுத்திருப்பேன். நீ பேங்கில் வேலை செய்கிறவர்கள் பேசுவதுபோல் பதமாகச் சொன்னாய். பழைய வீட்டை விற்ற நாளிலிருந்தே நீ என்னோடு சண்டை போடவில்லை, மரியாதையாகப் பேசுகிறாய், அதுதான் எனக்குத் தாங்கவில்லை. போனை வைத்துவிட்டு, உங்கள் மகளுக்கு இங்கே மலை இல்லையாம், அதனால் வர மாட்டாளாம் என்று உன் அப்பாவிடம் சொன்னேன். அவர் வீட்டுக்கு எடுத்துவந்த ஒரு கடைவாய்ப்பல்லை அரம் போட்டுக்கொண்டே, ‘இருக்கும். நமக்குத் தெரியல, அவ்ளோதான்’ என்றார். மறுநாள் காலையில் செருப்பை மாட்டிக்கொண்டு கிளம்பிவிட்டேன்.

நீ எதைத் தேடுவாய் என்று எனக்குத் தெரியாதா. பதின்மூன்று வயதிலிருந்து பழைய வீட்டின் பின்கதவைத் திறந்துகொண்டு அந்தத் தடித்த டயர் சைக்கிளோடு மலையேறிப் போய், முழங்காலில் மூன்று முள்ளோடும் முகத்தில் ஊருப்பட்ட சந்தோஷத்தோடும் இறங்கி வந்தவள் நீ. ஆனாலும் முதலில் கோட்டைதான் விட்டேன். சைக்கிள் ஓட்ட இங்கே நல்ல வழி எது என்று கண்ணில் பட்டவர்களையெல்லாம் கேட்டேன். ஆளாளுக்கு அக்கறையாக ஏரிக்கரைப் பாதைக்கு அனுப்பினார்கள். போய்ப் பார்த்தால் கன்னம்போல வழுவழுவென்று தார், நூறடிக்கு ஒரு பெஞ்சு, என் வயதுக்காரர்கள் கூடையில் பூனையை வைத்துக்கொண்டு மணியடித்தபடி போகிறார்கள். நீ அதில் ஓட்டினால் தூங்கி விழுந்துவிடுவாய். சரி, என் கண்ணால் நானே தேடுகிறேன் என்று ஒரு வாரம் சுற்றி, கல் குவாரிக்குப் பின்னால் ஒரு மண் பாதையைப் பிடித்தேன். எனக்கு ஒரே பெருமை. அகலமாக இருந்தது, வளைவில் எதிரே வருவது தெரிந்தது, சரிவும் மெதுவான சரிவு. என் வழக்கப்படி நோட்டில் தூரமும் நேரமும் குறித்து, படம் எடுத்து, உனக்கு அனுப்பலாம் என்றே இருந்தேன். வரும் வழியில் பஞ்சர் கடைக்காரரிடம் காட்டினேன். அவர் படத்தைப் பெரிதாக்கிப் பார்த்துவிட்டு, ‘ஏன்க்கா, நீங்க பஸ் ஓட்டுனவங்களா’ என்றார். எப்படிக் கண்டுபிடித்தீர்கள் என்றேன். ‘இதுல பஸ்ஸத் திருப்பவே எடம் இருக்கே’ என்றார். அசடு வழிய நின்றேன். அவர் சொன்னதும் சரிதான், இத்தனை நாளாக நான் என்னையறியாமல் நாற்பது பிள்ளைகளை ஏற்றிக்கொண்டு போகும் வழியைத்தான் தேடிக்கொண்டிருந்திருக்கிறேன்.

அதற்குப் பிறகு கேள்வியைத் திருப்பிப் போட்டேன். நல்ல வழி எது என்று கேட்பதை விட்டுவிட்டு, எந்த வழியில் நீங்கள் போகவே மாட்டீர்கள் என்று கேட்டேன். எல்லாருக்கும் சொல்ல ஒரு கதை இருந்தது. பால் வண்டி ஓட்டுகிறவர், மேட்டுத் தண்ணீர்த் தொட்டிக்குப் பின்னால் குறுக்கு வழி என்று நினைத்து இரண்டு தடவை போய் இரண்டு சைலன்சரைப் பறிகொடுத்ததாகவும், அந்தப் பக்கம் இனித் தலைவைத்துக்கூடப் படுக்க மாட்டேன் என்றும் சொன்னார். எனக்கு அது போதுமாக இருந்தது. அன்று மதியமே தொட்டிக்குப் பின்னால் போனேன். நூறு அடி தாண்டியதும் ஈர மண்ணில் ஒரு டயர்த் தடம் கிடந்தது, தனித்தனியாகப் பெரிய பட்டன், நடுவில் மூன்று, ஓரத்தில் இரண்டு. உன் சைக்கிள் டயரும் அதேதான், எனக்கு மனப்பாடம். ஒரு நிமிடம் அங்கேயே குந்தி உட்கார்ந்துவிட்டேன். அப்புறம் தடத்தைப் பிடித்துக்கொண்டே போனால், ஒரு புதரோடு நின்றுவிட்டது. காய்ந்த கிளைகளை இழுத்துக் குறுக்கே போட்டிருந்தார்கள். காற்றில் விழுந்த கிளை ஒரே பக்கமாக அடுக்கி விழாது. யாரோ வேண்டுமென்றே வாசலை மறைத்திருக்கிறார்கள். பிரித்துக்கொண்டு உள்ளே போகக் கை பரபரத்தது. ஆனால் அடைத்த கதவைத் தட்டாமல் திறக்கிற பழக்கம் எனக்கு இல்லை, செருப்பு நிறைய மண்ணோடு திரும்பிவிட்டேன்.

அந்த மண்தான் வேலை செய்தது. மஞ்சளும் சிவப்புமாக, ஒட்டினால் விடாத களிமண். ஹாலெல்லாம் அதை மிதித்து வைத்ததற்கு உன் அப்பா முணுமுணுத்துக்கொண்டே துடைத்தார். இரண்டு நாள் கழித்து ஒரு பல் செட்டைக் கொடுப்பதற்காக முக்குக் கட்டடத்துப் பல் டாக்டரம்மாவின் கிளினிக்குக்குப் போயிருக்கிறார். டாக்டரம்மாவுக்கு நாற்பது வயது இருக்கும், பத்து வார்த்தைக்கு ஒரு சிரிப்பு. அன்றைக்கு முகவாயில் பிளாஸ்திரி போட்டிருந்தாராம். கதவுக்குப் பின்னால் கழற்றி வைத்த ஷூவின் அடியில் அதே மஞ்சள் சிவப்பு மண். உன் அப்பாவைத்தான் உனக்குத் தெரியுமே, ஒரு நாளைக்கு இருபது வார்த்தை பேசினால் அதிகம். அந்த மனிதர் பல் செட்டை மேஜையில் வைத்துவிட்டு, ‘டாக்டர், தொட்டி மலையில விழுந்தீங்களா’ என்று கேட்டிருக்கிறார். டாக்டரம்மா கையிலிருந்த கண்ணாடியைக் கீழே போட்டுவிட்டாராம். தினமும் முன்னூறு பல்லுக்கு நடுவில் நிறம் பிரித்துப் பார்க்கிற கண்ணுக்கு மண்ணின் நிறம் தப்புமா. இதை வீட்டுக்கு வந்து என்னிடம் சொன்னபோது அவர் முகத்தைப் பார்த்திருக்க வேண்டும், கல்யாணத்தன்றுகூட அவ்வளவு மிடுக்கு இல்லை.

டாக்டரம்மாவைப் பார்க்க நானே போனேன். மலையில் சைக்கிள் ஓட்டுகிற கூட்டம், அவரோடு சேர்த்துப் பதினாலு பேர். தண்ணீர் இலாகாவிடம் எழுதிக் கேட்டு அனுமதி வாங்கி, ஆறு வருஷமாகக் கையாலேயே அந்த மலையில் சைக்கிள் இறங்கத் தடம் வெட்டியிருக்கிறார்கள். வாசலை மறைப்பதற்குக் காரணம், ஒரு முறை மோட்டார் சைக்கிள்காரர்கள் புகுந்து இரண்டே நாளில் தடத்தை வாய்க்காலாக்கிவிட்டார்களாம். அதனால் அவர்களுக்கு ஒரு வழக்கம் உண்டு. யார் வந்து கேட்டாலும் நாலு ஞாயிற்றுக்கிழமை மண்வெட்டி பிடித்து வேலை செய்ய வேண்டும், அதற்குப் பிறகுதான் மேலிருந்து கீழே இறங்க விடுவார்கள். டாக்டராக இருந்தாலும் இதே கதைதான். நான், மகள் தொலைவில் இருக்கிறாள், அவளுக்குக் கிடைப்பது இருபது நாள், அதில் நாலு ஞாயிறு எங்கே கிடைக்கும், அவள் கணக்கில் நான் வெட்டினால் ஒத்துக்கொள்வீர்களா என்று கேட்டேன். டாக்டரம்மா என்னை மேலும் கீழும் பார்த்தார். அறுபத்தொரு வயது, முட்டி வலிக்கான பட்டை, கையில் பஸ் ஓட்டிய காலத்துக் காய்ப்பு. ‘இப்படி யாரும் கேட்டதே இல்லம்மா. எல்லாரையும் கேட்டுட்டுச் சொல்றேன்’ என்றார். இரண்டு நாளில் சரி என்று சொல்லி அனுப்பினார், மண்வெட்டியை மட்டும் சொந்தமாகக் கொண்டுவர வேண்டும் என்று.

நாலு ஞாயிறும் நான்தான் முதல் ஆள். ஆறே முக்காலுக்குத் தொட்டியடியில் நிற்பேன், மற்றவர்கள் கொட்டாவி விட்டுக்கொண்டு வருவார்கள். முதல் வாரம் எனக்குக் கல் பொறுக்கும் வேலைதான் கொடுத்தார்கள், பாட்டி மாதிரி ஓரமாக உட்கார்ந்திருக்கட்டும் என்ற எண்ணம். இரண்டாவது வாரம் ஆறாவது வளைவில் வாயைத் திறந்தேன். அவர்களுக்குத் தலைவர் மாதிரி இருப்பவர் ஒரு தாடிக்காரத் தச்சர். அவர் மழைத் தண்ணீர் வளைவின் நடுவில் குறுக்கே ஓடி வெளியேறும்படி வெட்டியிருந்தார். நான், தம்பி, தண்ணீர் ஒரு பயணி, அதை வளைவுக்குள் ஏற்றிக்கொண்டு போகக் கூடாது, வளைவு வருவதற்கு முன்னாலேயே இறக்கிவிட வேண்டும் என்றேன். மலை ரோட்டில் இருபத்தாறு வருஷம் ஓட்டியிருக்கிறேன், ஓரம் அரித்துக்கொண்டு போகிற வளைவெல்லாம் நடுவில் தண்ணீர் குறுக்கே போகும் வளைவுதான். அவர் தாடியைத் தடவினார், ஆளுக்கொரு பக்கம் பேசினார்கள், கடைசியில் ஆறாவது வளைவை நான் சொன்ன மாதிரியும் ஏழாவதை அவர் சொன்ன மாதிரியும் வெட்டுவது என்று முடிவானது. அந்தப் புதன்கிழமையே எதிர்பாராமல் ஒரு மழை கொட்டியது. ஞாயிறு போய்ப் பார்த்தால் என் வளைவு வைத்தது வைத்தபடி இருந்தது, அவருடையதில் பாதியைக் காணோம். பாவம் மனுஷன். அவரேதான் ஒரு பலகையைச் செதுக்கிக் கொண்டுவந்து ஆறாவது வளைவில் நட்டார். ‘பஸ் அம்மா வளைவு’ என்று எழுதியிருக்கிறது. நீ வேறு யார் மூலமாகவாவது கேள்விப்பட்டு என்னைக் கிண்டல் செய்வதற்கு முன் நானே சொல்லிவிடுகிறேன், அந்தப் பலகையோடு நின்று நான் படமும் எடுத்துக்கொண்டேன்.

அங்கே வேலை செய்யும்போது ஒன்று எனக்குப் பொறுக்கவே இல்லை. ஒரு கல்லை இந்தப் பக்கமிருந்து அந்தப் பக்கம் நகர்த்த வேண்டுமென்றால் பதினாலு பேரும் கூடி நிற்பார்கள். இது இங்கே இருந்தால் உனக்குச் சரியா, நீ எப்படி இறங்குவாய், உன் சக்கரம் எங்கே விழும் என்று ஒவ்வொருவரையும் கேட்பார்கள், வராதவர்களுக்குப் போன் போட்டுக் கேட்பார்கள். ஒரே ஒரு கல்லுக்கு அரை மணி நேரம். மூன்றாவது வாரம் நான் எரிச்சலில், இதற்குப் போய் எல்லாரையும் கேட்க வேண்டுமா, நகர்த்திவிட்டுச் சொன்னால் போதாதா என்று டாக்டரம்மாவிடம் கேட்டுவிட்டேன். அவர் வியர்வையைத் துடைத்துக்கொண்டு சாதாரணமாக, ‘இதுல எறங்கப் போறவங்க அவங்கதானம்மா, கேக்காம எப்படி’ என்றார். அதற்கு மேல் எனக்கு மண்வெட்டி ஓடவில்லை. வாலு, இருபத்தெட்டு வருஷம் இருந்த வீடு. அதன் பின்கதவிலிருந்து இறங்கி வளர்ந்தவள் நீ. கையெழுத்துப் போட்டு, சாவியைக் கொடுத்து, லாரியில் சாமான் ஏற்றிய பிறகு உனக்குப் போன் செய்து, வீட்டை விற்றாகிவிட்டது என்று சொன்னேன். பஸ்ஸில் அப்படித்தான் எனக்குப் பழக்கம். எந்த வழியாகப் போவது என்று டிரைவர் யாரையும் கேட்பதில்லை, இடம் வந்ததும் இறங்கு என்று சொல்வாள். பஸ்ஸுக்கு அது சரி, பெற்ற பெண்ணிடம் அது தப்பு. அப்பாவால் அந்த நாற்பத்திரண்டு படியை ஏற முடியவில்லை, விற்றே தீர வேண்டியிருந்தது, அதில் எனக்கு இன்றைக்கும் சந்தேகம் இல்லை. உன்னைக் கேட்டிருந்தால் நீயே விற்கச் சொல்லியிருப்பாய். கேட்டிருந்தால் ஒரு தடவை வந்து அந்த மலையில் கடைசியாக இறங்கிவிட்டுப் போயிருப்பாய், அதைத்தான் நான் பிடுங்கிக்கொண்டுவிட்டேன். மன்னித்துக்கொள். இதைச் சொல்ல எனக்கு இரண்டு வருஷமும் மூன்று ஞாயிற்றுக்கிழமையும் ஆகியிருக்கிறது.

அழுகாச்சி போதும், தடத்தைப் பற்றிக் கேள். தொட்டியின் வலது பக்கத்தில் தொடங்குகிறது, கீழே வரை மூன்று கிலோமீட்டரும் கொஞ்சமும். முதலில் குட்டை மரங்களுக்கு நடுவில் ஒரு ஏற்றம், அதில் நீ மூச்சுவாங்க மாட்டாய், நான் வாங்கினேன். பிறகு ஒரு பாறை, வீட்டுக் கூரை அகலத்துக்குச் சரிந்து கிடக்கிறது, காய்ந்திருந்தால் டயர் பல்லியாக ஒட்டுகிறது. அதைத் தாண்டினால் மர வேர்கள் படிக்கட்டுபோல நிற்கும், உனக்குப் பிடித்த சமாச்சாரம். அப்புறம் வரிசையாகப் பதினொரு வளைவு, ஆறாவது யாருடையது என்று சொல்லிவிட்டேன். அது முடிந்து நேராக ஓர் இறக்கம், அதன் நடுவில் ஒரு மண்மேடு. அதில் டாக்டரம்மா சைக்கிளோடு ஆளுயரத்துக்குப் பறக்கிறார், நோயாளிகள் பார்த்தால் அந்தக் கிளினிக்கில் வாயைத் திறக்கப் பயப்படுவார்கள். கடைசியில் சோப்புக் கம்பெனியின் பின்சுவரில் போய் முடிகிறது, அழுக்கும் வியர்வையுமாக இறங்கி வருகிறவர்களுக்குச் சோப்பு வாசனைதான் வரவேற்பு. பழைய மலையைவிட இது நல்லது என்று நான் சொல்ல மாட்டேன், அது உன்னுடைய மலை. ஆனால் இதற்கு நூறில் தொண்ணூறு போடுவாய், பந்தயம் கட்டுகிறேன்.

எனக்கு எப்படித் தெரியும் என்கிறாயா. என் வழக்கம் உனக்குத் தெரியும். புது வழியில் பிள்ளைகளை ஏற்றுவதற்கு முன் மூன்று வெள்ளோட்டம் விடாமல் நான் ஓட்டியதில்லை. முதலாவது மெதுவாக, ஒவ்வொரு பள்ளத்தையும் பார்த்துக்கொண்டு. இரண்டாவது நிஜமாக ஓட்டுவதுபோல. மூன்றாவது மழை பெய்து வழி நனைந்த பிறகு. நாலாவது ஞாயிறு முடிந்ததும் கிளையை விலக்கி, போங்கள் என்றார்கள். முதலாவதை நடந்தே முடித்தேன், ஒரு மணி நாற்பது நிமிடம். இரண்டாவதற்கு உன் சைக்கிளை எடுத்தேன். ஆமாம், அது இருக்கிறது. விற்றிருப்பேன் என்று நினைத்துத்தானே நீ ஒரு நாள்கூட அதைப் பற்றிக் கேட்கவில்லை. ஹாலில் கதவை ஒட்டிக் கொக்கி அடித்து மாட்டியிருக்கிறேன், மாதம் பிறந்தால் காற்று அடித்து, செயினுக்கு எண்ணெய் விட்டு, சக்கரத்தைச் சுற்றிவிடுவேன். உட்கார ஆளில்லாமல் அது சுற்றி நிற்பதைப் பார்த்துக்கொண்டு கொஞ்ச நேரம் நிற்பேன். வலது கைப்பிடி ரப்பர் மட்டும் காய்ந்து வெடித்துவிட்டது. அதற்கு உன் அப்பா பல் செட்டுக்கு ஈறு செய்கிற பொருளிலேயே ஒரு கைப்பிடி வார்த்துப் போட்டிருக்கிறார், என் கையை மாவில் அழுத்தி அளவெடுத்து. பிடி என்னவோ அருமைதான், நிறம்தான் ஈறு நிறம். கையை வைத்தால் கடித்துவிடுமோ என்று இருக்கிறது. அந்தக் கோலத்தில் நானும் சைக்கிளும் இறங்கினோம். பாறையிலும் வேரிலும் இறங்கித் தள்ளிக்கொண்டுதான் போனேன், மண்மேட்டைச் சுற்றிக்கொண்டு போனேன், மீதியெல்லாம் உட்கார்ந்தபடி, இரண்டு பிரேக்கையும் விடாமல். ஒன்பதாவது வளைவில் மெதுவாக ஒரு பக்கமாகச் சாய்ந்து படுத்தேன், முழங்கையில் சிராய்ப்பு, வேறொன்றுமில்லை. ஆனால் அந்த நேர் இறக்கத்தில் ஒரு பத்து விநாடி பிரேக்கை விட்டேன். அப்போது புரிந்தது, பதின்மூன்று வயதில் நீ மலையிலிருந்து வரும்போது உன் முகத்தில் இருந்தது என்னவென்று. நான் அப்போதெல்லாம் முள்ளை மட்டும் பார்த்துத் திட்டிக்கொண்டிருந்தேன்.

மூன்றாவது பாக்கி இருக்கிறது. மழை பெய்யும்போது தடத்தில் சக்கரம் வைக்கக் கூடாதாம், மண் குழைந்து கெட்டுவிடும். மழை விட்டு ஒரு நாள் காயவிட்டு அதற்கு அடுத்த நாள் காலையில் இறங்க வேண்டும், அப்போது மண் டயரைப் பிடிக்கிற பிடி இருக்கிறதே, வருஷத்தில் அந்தக் கொஞ்ச நாளுக்காகத்தான் மீதி நாளெல்லாம் வெட்டுகிறோம் என்கிறார் தச்சர். மழை தொடங்குவது உனக்கு விடுமுறை கிடைத்திருக்கும் மாதத்தில். மூன்றாவது வெள்ளோட்டம் விடாத வழியில் ஒரு பிள்ளையைக்கூட நான் கூட்டிக்கொண்டு போனதில்லை, உன்னை மட்டும் அப்படிக் கூப்பிடப் போகிறேன். நனைந்த மண்ணில் அந்த வழி எப்படி இருக்கும் என்று எனக்குத் தெரியாது. ஆறாவது வளைவு தாங்குமா, வேர் வழுக்குமா, ஒன்றும் தெரியாது. நீதான் முன்னால் போய்ப் பார்த்துச் சொல்ல வேண்டும். டாக்டரம்மா எனக்கு ஒரு சைக்கிள் இரவல் தருகிறேன் என்றிருக்கிறார், உன் சைக்கிள் உனக்கு. நான் பின்னால் வருவேன், நீ நிற்கச் சொல்லும் இடத்தில் நிற்பேன்.

சிநேகிதிகளோடு போவதென்றால் போ, நான் முகத்தைத் தூக்கி வைத்துக்கொள்ள மாட்டேன், தடம் அடுத்த வருஷமும் அங்கேயேதான் இருக்கும். நாலு ஞாயிறும் உன் பெயரில்தான் அவர்கள் நோட்டில் எழுதியிருக்கிறது. இத்தனை வருஷம் உன்னிடம் எல்லாவற்றையும் முடித்துவிட்டுத்தான் சொல்லியிருக்கிறேன். இது ஒன்றை முடிக்காமல் வைத்துக்கொண்டு கேட்கிறேன். வருகிறாயா?

நீ எந்த வழியில் போனாலும் உன் சக்கரம் சறுக்காமல், மனசு சோராமல், நல்லபடியாகப் போய்ச் சேர எங்கள் ஆசி எப்போதும் உண்டு. வேளைக்குச் சாப்பிடு. வந்தால் ஹெல்மெட்டை மறக்காமல் கொண்டு வா, இங்கே இருப்பது என் தலைக்கு வாங்கியது. பதிலை ஞாயிற்றுக்கிழமை போனிலேயே சொல்லலாம், நாலு நிமிடம் போதும்.

அன்புடன்,
அம்மா

வாலு, அம்மா தண்ணீர் குடிக்க எழுந்து போயிருக்கிறாள், அதற்குள் ஒரு வரி. அந்தக் கைப்பிடி அவள் கைக்குத்தான் பொருந்தும். உனக்குக் கறுப்பிலேயே செய்து தருகிறேன், ஆனால் அளவெடுக்க ஆள் நேரில் வர வேண்டும். அப்பா.